செலோடேப் ஒட்டிய கேசட்

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
12-8-1987

அன்பு மகள் ஜோஸ்பினுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அந்த வெயிலிலும் நீ முகம் வாடாமல் இருப்பதாக குவைத்திலிருந்து லீவில் வந்த அக்பர் அலி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, ஆண்டவர் உன்னை அப்படியே வைத்திருக்கட்டும். மற்ற சங்கதி எல்லாம் பிறகு, முதலில் ஒன்று சொல்கிறேன், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அதைச் செய்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி. உன் அறையில் இருக்கிற பழைய கேசட் எதையும் உன்கூட வேலை பார்க்கிற அமலராணிக்குக் கொடுக்காதே. ஜெபமாலைப் பாட்டுப் பதிய அவள் கேட்கிறாள், எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது நல்ல காரியம்தானே என்று நினைத்தவள் நான். கொடுத்துவிட்டாய் என்றால் உடனே போய் வாங்கு, பதிந்துவிட்டாள் என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. தந்தி அடிக்கலாம் என்று தந்தி ஆபீஸ் வரை போனேன், ஊரிலிருந்து தந்தி என்றால் அப்பாவுக்கு என்னமோ ஏதோ என்று நீ பதறிவிடுவாய், அதனால் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். அக்பர் அலி ஞாயிற்றுக்கிழமை குவைத் புறப்படுகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுக்கிறேன், கூட நாரத்தங்காய் ஊறுகாயும்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வெள்ளிக்கிழமை என்பதால் கெண்டை மீன் வாங்கி அலசிக்கொண்டிருந்தேன். அக்பர் அலி கொண்டுவந்த உன் கேசட்டை அடுப்படி ஜன்னலில் டேப்பை வைத்து ஓடவிட்டிருந்தேன், நாலாவது தடவை. நீ நைட் டியூட்டி பற்றிச் சொன்னாய், சாப்பாடு பற்றிப் பொய் சொன்னாய், கடைசியில் சரிம்மா வைக்கட்டுமா என்றாய். எப்போதும் நீ அப்படிச் சொன்னதும் நான் எட்டி நிறுத்திவிடுவேன், கரண்ட் வீணாகப் போவானேன் என்று. அன்றைக்கு இரண்டு கையிலும் மீன் செதில், அதனால் விட்டுவிட்டேன். டொக்கென்று ஒரு சத்தம், கொஞ்சம் இரைச்சல், அப்புறம் ஒருத்தர் இருமினார். அப்பாவின் இருமல். திரும்பிப் பார்த்தேன், அப்பா நடைவாசலில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருக்கிறார், வாய் மூடியிருக்கிறது, கழுத்தில் ஆபரேஷன் செய்த இடத்தில் கட்டிய துணி அப்படியே இருக்கிறது. தொண்டையில் கத்தி வைத்து இரண்டு வருஷமாக இந்த வீட்டில் கேட்காத குரல் தாயி, ஜன்னலில் உட்கார்ந்து பாடுகிறது. மாதாவே என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா எழுந்து வந்து சாதாரணமாக நிறுத்தினார், ரேடியோவில் விளம்பரம் வந்தால் நிறுத்துகிற மாதிரி. நான் மீன் கையோடு மறுபடியும் அமுக்கினேன், இன்னும் அந்த பட்டனில் செதில் ஒட்டியிருக்கிறது. அய்யலூர்ச் சந்தையில் ஆட்டை விற்றுவிட்டு வருகிறவன் பாட்டு அது. ஆட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்களே, அந்தக் கயிற்றோடு வீட்டுக்கு நடக்கிறான். "சந்தையில வித்தாச்சு சாமி, தலையாட்டிப் போயிருச்சு. கயிறு மட்டும் கையோட வருது. வாசல்ல நிக்கிற புள்ளைக்கு இந்தக் கயித்த எங்கிட்டு ஒளிப்பேன்." இவ்வளவுதான் பாட்டு, இதையே மூன்று தரம் பாடுகிறார், மூன்றாவது தரம் ஆர்மோனியம் நின்றுவிடுகிறது, வெறும் குரல், நடுவில் மூச்சு வாங்குகிற சத்தம். தபேலா கிடையாது, கிடார் கிடையாது. முப்பது வருஷம் தமிழ் நடத்துகிறவள் நான், எதுகை இல்லை இயைபு இல்லை, பரீட்சைத் தாளாக இருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு மீன் குழம்பு வைக்கவில்லை, இரண்டு பேரும் மோர் சோறு சாப்பிட்டுப் படுத்தோம்.

அப்பா பாட்டு உனக்குப் புதுசா என்ன, அவர் எழுதி மெட்டுப் போட்டதைக் கேட்டுத்தானே நீ வளர்ந்தாய். மெல்லிசைக் குழுவுக்காக எழுதினாரே "கொடைரோடு டேசனிலே குளிர்காத்து ஏறுதடி, கூடவந்த மச்சானுக்குக் கோட்டு ஒண்ணு வாங்குதடி" என்று, ரொனால்டு மைக்கைச் சுழற்றிப் பாடினால் கல்யாண வீட்டுப் பந்தலே ஆடும். கொ, கு, கூ, கோ என்று மோனைக்காகவே அந்த மச்சானுக்குக் கோட்டு வாங்கினார். இதைத்தான் நான் என் வீட்டுக்காரர் பாட்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன், இவ்வளவுதான் அவரிடம் சரக்கு என்று நினைத்துவிட்டேன். அப்புறம் குழுவை விட்டு விலகி, இனிமேல் நானே பாடப்போகிறேன் என்று வந்து நின்றாரே, அப்போது உனக்கு நர்சிங் கடைசி வருஷம், ஊரில் இல்லை, அந்த எண்பத்திரண்டு திருவிழாவில் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. மேடையில் தனியாக ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து கரகரவென்று பாட ஆரம்பித்தார். பையன்கள் விசில் அடித்தார்கள், கொடைரோடு பாடு கொடைரோடு பாடு என்றார்கள். பாதியில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார். மறுநாள் எட்டாம் வகுப்பில் பின்பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை அவரை மாதிரியே இருமிக் காட்டியது, வகுப்பே சிரித்தது. அந்தக் கோபத்தில் வீட்டுக்கு வந்து நான் சொன்னதை இத்தனை நாள் உன்னிடம் சொன்னதில்லை, இப்போது எழுதிவிடுகிறேன். "எழுதுறதோட நிப்பாட்டிக்கிருங்க, தொண்டை உள்ளவுக பாடட்டும்" என்றேன். மூன்றே வருஷத்தில் மதுரையில் டாக்டர் அந்தத் தொண்டையை அறுத்தார். நான் சொன்னதற்கும் வியாதிக்கும் சம்பந்தமில்லை என்று நர்ஸ் நீ சொல்வாய். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை வெள்ளிக்கிழமையிலிருந்து என்னை விடமாட்டேன் என்கிறது.

அந்தத் திருவிழாவுக்கு அப்புறம்தான், தொண்டை நன்றாக இருந்தபோதே, மதுரை போய்ப் பாடி ஐம்பது கேசட் போட்டுக்கொண்டு வந்தார், உனக்குத் தெரியும். வீட்டில் இருபது, பஸ் ஸ்டாண்டு பக்கம் சாகுல் ஹமீது கேசட் கடையில் முப்பது. ஒன்றுகூட விற்கவில்லை, நான் ஒரு நாளும் போட்டுக் கேட்கவில்லை, வீம்புதான். நீ குவைத் போனதும் பேசி அனுப்பக் கேசட் வேண்டும் என்றேன், அப்பாதான் அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாட்டுப் பதிந்த கேசட்டில் மேலே இரண்டு ஓட்டை இருக்கும், அதை அடைத்தால்தான் அதன்மேல் வேறொன்று பதியும், அவரே செலோடேப்பைப் பல்லால் கடித்து இரண்டு ஓட்டையிலும் ஒட்டி, நகத்தால் தேய்த்துக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் அவர்தான் ஒட்டினார் ஜோஸ்பின். நான் பாட்டுக்கு உட்கார்ந்து மண்ணெண்ணெய்க் க்யூ, ரேஷன் சீனி, தண்ணி லாரி வரவில்லை, ஹெட்மிஸ்ட்ரஸ் முறைக்கிறாள் என்று பேசித் தள்ளியிருக்கிறேன். நீ அதன்மேல் பதில் பேசி அனுப்புவாய். நாம் இரண்டு பேருமாக அவரை அழித்திருக்கிறோம், உனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையிலேயே சாகுல் ஹமீது கடைக்குப் போனேன், அந்த முப்பதில் ஒன்றாவது இருக்காதா என்று. அவர் எழுந்து நின்றுவிட்டார். விற்காத கேசட்டில் அப்பாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு சினிமாப் பாட்டுப் பதிந்து கொடுத்துவிட்டாராம், மனசில்லாமல்தான் செய்தேன் என்றார். அதற்குமேல் அவர் சொன்னதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. சினிமாப் பாட்டு முடிந்த பிறகு மிச்ச டேப்பில் அப்பா குரல் வருகிறதல்லவா, அதைக் கேட்டவர்கள் தேடிக்கொண்டு வருகிறார்களாம். ஒட்டன்சத்திரத்து லாரி டிரைவர் ஒருத்தர் மூன்று தடவை வந்து, "ஏனுங்க, கடைசியில ஒரு பெரியவரு கயித்தப் பத்திப் பாடறாருங்களே, அது முழுசா இருக்குதுங்களா" என்று கேட்டாராம், ஓட்டுகிறபோது அதைக் கேட்டு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாராம். சின்னாளபட்டியில் தறி நெய்கிற ஒரு வீட்டில் அந்த மிச்சத்துக்காகவே சினிமாப் பாட்டை ஓட்டித் தள்ளுகிறார்களாம். "பத்துப் பதினஞ்சு பேரு வந்துட்டாக டீச்சர், பேரு என்னன்னு கேக்குறாக, ராயப்பராஜுன்னா கொடைரோடு பாட்டு எழுதுனவரா அதுன்னு நம்ப மாட்டேங்குறாக" என்றார். அந்தக் கடையில் நின்று நான் அழுதேன், கடைக்கு வந்தவர்கள் பார்க்க. கோவில் திருவிழாவில் சிரித்த ஊர் இது. அதைவிடப் பெரிசு, பக்கத்தில் படுத்திருந்த நான் கேட்காததை ரோட்டில் போகிற லாரிக்காரர் கேட்டிருக்கிறார்.

சாகுல் ஹமீது ஒரு வருஷமாகத் திரும்பி வந்த கேசட்டிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார். நம் வீட்டுக் கேசட்டையும் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன், சிலதில் நாம் கொஞ்சமாகத்தான் பேசியிருக்கிறோம், புண்ணியம். பன்னிரண்டு பாட்டில் பதினொன்று முழுசாகத் தேறிவிட்டது. முதல் பாட்டு மட்டும் எதிலும் இல்லை, எல்லோரும் ஆரம்பத்திலிருந்துதானே பதிவோம். மதுரையில் ஒரிஜினல் டேப்பும் இல்லையாம், அதிலும் வேறு பதிந்துவிட்டார்கள். அப்பாவிடம் வார்த்தையாவது எழுதித் தாருங்கள் என்றேன், தோளைக் குலுக்கிவிட்டுப் பேப்பர் படித்தார். ராத்திரி ஜெபம் சொல்லும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, முதன்முதலாக உனக்குப் பேசி அனுப்பினேனே, அதற்கு நீ எழுதின பதில். "ரீவைண்ட் பண்ணாமலே பேசிட்டியாம்மா, கால் மணி நேரம் அப்பா பாடினார், அப்புறம்தான் உன் குரல் வந்தது" என்று கேலி செய்திருந்தாய். அப்பா பாட்டு நல்லா இருக்கு என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தாய், தகப்பன் மேல் பாசம் என்று அதைத் தள்ளிவிட்டேன். அது முதல் கேசட், அதன்மேல் பேச மனசு வரவில்லை, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றும் எழுதினாய். பட்டன் அமுக்கத் தெரியாத என் முட்டாள்தனம் ஒன்றுதான் அவருக்கு நல்லது செய்திருக்கிறது.

நேற்று சாயங்காலம் அப்பா முன்னால் போய் உட்கார்ந்து, ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று கேட்டேன். சிலேட்டை எடுத்து, "புள்ளைக்கு உன் குரல்தான வேணும்" என்று எழுதினார். அந்த முதல் பாட்டு எதைப் பற்றி, அதையாவது சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுதினார், "டீச்சர் பேப்பர் திருத்துறாகன்னு ஆரம்பிக்கும். மிச்சம் மறந்துபோச்சு."

என்னைப் பற்றித் தாயி. பத்தொன்பது கேசட்டில், பத்தொன்பது தடவை, அந்தப் பாட்டின்மேல் உட்கார்ந்துதான் மண்ணெண்ணெய் விலை பேசியிருக்கிறேன். அவர் ஒட்டிக் கொடுக்க, நான் பேசியிருக்கிறேன்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. உன்னிடம் இருக்கிற அந்த முதல் கேசட்டின் மேல் விளிம்பில் அப்பா ஒட்டின செலோடேப் மஞ்சளாகி இருக்கும், இரண்டு பக்கமும் உரித்து எறிந்துவிடு. தபாலில் அனுப்பாதே, யார் கையிலும் கொடுக்காதே, கிறிஸ்துமஸ் லீவில் வரும்போது கைப்பையில் நீயே கொண்டுவா. அதுவரைக்கும் எனக்குப் பொறுக்காது, ஒரு தடவை போட்டுக் கேட்டு வார்த்தையை எல்லாம் எழுதி அனுப்பு. என்னைத் திட்டியிருந்தால் அதையும் விடாமல் எழுது, அம்மா மனசு கஷ்டப்படும் என்று திருத்தாதே, திருத்துகிற வேலை எல்லாம் நான் செய்தது போதும்.

அகரத்து மாமா தக்காளி போட்டு, மழை இல்லாமல் காய்ந்துவிட்டது, மற்றபடி எல்லோரும் சுகம். நைட் டியூட்டிக்குப் போகுமுன் வெறும் டீயோடு போகாதே, சோறு சாப்பிட்டுப் போ, வெஞ்சனத்துக்கு ஊறுகாய் இருக்கிறது. சனிக்கிழமை மாதா திருநாள், உன் பேரில் ஒரு பூசை வைத்திருக்கிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பா உன் நெற்றியில் சிலுவை போடுவதாகச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். செலோடேப்பை உரித்தாயா இல்லையா, அதை முதலில் எழுது. உரித்துவிட்டால் அதன்மேல் இனி யாரும் பேச முடியாது, நான்கூட.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ரா. செபஸ்தியம்மாள்