கொள்ளைக்காரன் நீட்டிய கை

மச்சான்,

பீரோவைத் துடைக்கலாம் என்று திறந்தேன். உங்கள் காக்கி ஸ்வெட்டரை எடுத்ததும் ஏலக்காய் வாசம் குப்பென்று வந்தது. துவைக்க மனசு வராமல் நான்தான் மடித்து வைத்திருந்தேன். மடிப்புக்குள் அந்தப் பொம்மைப்பட சிடி.

ஏலத்தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு, கூடலூரிலிருந்து தினமும் மலையேறுகிற உங்கள் ஜீப்புக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. ஒரு சனிக்கிழமை குமுளிக் கடையில் அதை வாங்கி வந்தீர்கள். தேவதைகளின் விளக்கைக் கடற்கொள்ளையர்கள் திருடிக்கொண்டு பறக்கும் கப்பலில் ஓடுகிற கதை. பேச்செல்லாம் மலையாளம், பால்பல் விழாத நம் மகளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நீங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவளை மடியில் போட்டுக்கொண்டு நீங்களே கதை சொல்ல ஆரம்பித்தீர்கள்.

அடேயப்பா, என்ன பேச்சு! கப்பல் மேகத்துக்குள் ஏறினால், "மலையேறுதுல்ல தாயி, ரெண்டாவது கியர்தான். அங்கன நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துவாக" என்பீர்கள். "பொய்க்கும் ஒரு அளவு வேணாமா மச்சான்?" என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். கரண்டியோடு வந்து நின்று கடைசிவரை கேட்டதும் நான்தான்.

கடைசிவரை எங்கே? சிடியில் ஒரு கீறல். சின்னத் தேவதை நங்கூரக் கயிற்றில் ஒற்றைக் கையில் தொங்குவாள். கொள்ளைத் தலைவன் குனிந்து கை நீட்டுவான். அத்தோடு படம் நின்றுவிடும். துடைத்துப் பார்த்தோம், ஊதிப் பார்த்தோம். ம்ஹூம்.

"தள்ளிவிடப் போறானா அத்தா?" என்று உதட்டைப் பிதுக்குவாள் மகள்.

"சேச்சே! தூக்கிவிடத்தான் கை நீட்டுறான். அவனுக்கும் வீட்டுல ஒரு மக இருக்கால்ல?"

ஞாயிறுதோறும் அவள் கேட்பாள், நீங்கள் சொல்வீர்கள். பிறகு ஒரு காலையில் ஜீப்பை எடுக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. அதன்பின் அந்த சிடியை யாரும் போடவும் இல்லை.

இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். சிடியைப் பார்த்ததும் போனில் தேடி, அதே படத்தைத் தமிழிலேயே எடுத்துவிட்டாள். முழுப்படம். அவன் தள்ளிவிட்டால்? நீங்கள் அவளுக்கு விட்டுப்போன அந்த ஒரு வார்த்தை பொய்யாகிவிடுமே.

"எனக்கு அடுப்புல வேலை கெடக்கு."

"சும்மா உக்காரும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

கயிறு வந்தது. கை வந்தது. தள்ளிவிட்டான் மச்சான், பாவி! தேவதை விழுந்து, பாதியில் சிறகை விரித்துத் தானே பறந்தாள். எல்லோரும் பாடினார்கள்.

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இவிங்களுக்குக் கதையே தெரியலம்மா" என்றாள். "அத்தா சொன்னாகள்ல, அதான் நெசம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உங்களைத் தேடுது மச்சான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரொம்பத் தேடுது.

இவ்வளவு வளர்ந்தவள் என் மடியில் தலைவைத்துப் படுத்து, "நீ சொல்லும்மா" என்றாள். எனக்குக் கதை சொல்ல வராது, உங்களுக்கே தெரியும். ஸ்வெட்டரை அவள்மேல் போர்த்திவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மொதல்ல... கப்பல நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனாக."