இரண்டு தட்டலில் ஒரு மறுப்பு

அன்பு மகளுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். நான் சுகம். அடுத்த வரியில் அப்பாவும் சுகம் என்று எழுதுவது வழக்கம், இந்தத் தடவை அதை எழுத முடியவில்லை. பதறி உடனே போனை எடுக்காதே, முழுக்கப் படித்துவிட்டு எடு.

போன விடுமுறையில் நீ வந்திருந்தபோது என் ஆபீஸ் மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க என்னென்னவோ ஏற்றிக் கொடுத்தாய் இல்லையா, அங்கிருந்துதான் சொல்ல வேண்டும். காப்பியெடுத்தது கைதவறிப் போனால் போனதுதான் என்றிருந்த எனக்கு, கடைசியாகக் காப்பியெடுத்த ஐம்பதையும் வரிசையாக எடுத்து வைக்கும் ஒன்று. நூறு கோப்புகளுக்கு ஒரே நொடியில் பெயர் மாற்றும் ஒன்று. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்துப்போனது அந்த ஷார்ட்கட்தான். இருபத்திரண்டு வருடமாகக் காப்பீட்டு ஆபீசில் விண்ணப்பங்களுக்குப் பதில் அடித்து விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போனவள் நான், ‘ம’ தட்டி ‘4’ தட்டினால் முழுக் கடிதமும் திரையில் வந்து நிற்கிறது என்றால் எப்படி இருக்கும் சொல். முதல் வாரம் எனக்குச் சிறகு முளைத்த மாதிரிதான் இருந்தது. ‘ம’ என்றால் மறுப்பு, நான்கு என்றால் பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய். எங்கள் பழைய கடிதம் மொட்டையாக “நிராகரிக்கப்பட்டது” என்று முடியும். நான்தான் கொஞ்சம் மனிதத்தன்மையோடு இருக்கட்டும் என்று, “தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் படித்தோம், தங்கள் உடல்நலத்தில் எங்களுக்கு என்றும் அக்கறை உண்டு” என்று சேர்த்தேன். உட்கார்ந்து யோசித்து எழுதிய வரி அது.

ஒரு நாளைக்குப் பதினெட்டு முடித்துக்கொண்டிருந்தவள் எழுபது முடித்தேன். மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார், என்னிடமிருந்து அந்த ஷார்ட்கட் பட்டியலை வாங்கி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார், லிப்ட் பக்கத்தில் என் போட்டோவை மாட்டினார். அதற்கடுத்த மாதம் எல்லோருக்கும் தினம் எழுபது என்று உத்தரவு வந்தது, எங்கள் அறையில் நான்கு மேசை காலியானது. பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்து, “உன் பொண்ணு நமக்கு ஒத்தாசை பண்ணலடி, அவங்களுக்குப் பண்ணிட்டுப் போயிருக்கா” என்றாள். உன்னைச் சொன்னாளே என்று அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூசுகிறது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் பட்டறையில் இரும்பைச் சாணை பிடிக்கும்போது ஒரு சில்லு தெறித்து இடது கண்ணில் பாய்ந்தது. சில்லை எடுத்துவிட்டார்கள், ஆனால் விழித்திரை பிரிந்திருக்கிறது, மூன்று வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பார்வை தேறும் என்றார் டாக்டர். எங்கள் கம்பெனியின் காப்பீட்டு ஒப்புதல் கடிதம் இல்லாமல் ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்க மாட்டார்கள். உன்னிடம் சொல்லிவிடலாம் என்றேன், அப்பாதான் “பாப்பாகிட்ட மூச்சு விடாத, இப்பதான் அங்க கால ஊனிருக்கா” என்று அடக்கிவிட்டார். நானும் ஒத்துக்கொண்டேன், ஆபீசுக்கு உள்ளே இருக்கிறவள் ஆயிற்றே, நான்கு நாளில் வந்துவிடும் என்று. ஊழியர் குடும்பத்து விண்ணப்பத்தை அந்த ஊழியரின் கிளை தொடக்கூடாது என்பது விதி, அதனால் அது வேறு கிளைக்குப் போனது.

ஆறாம் நாள் பதில் வந்தது. கவரைப் பிரித்து அப்பா என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ம4. என் கடிதம், என் கமா, என் அக்கறை. கடைசிவரை வாசித்தேன். அப்பா கடிதத்தை வாங்கி மடித்துக் கவருக்குள் வைத்துவிட்டு, “இல்லன்னு சொன்னாலும் மரியாதையா எழுதிருக்காங்க பாரு” என்றார்.

மறுநாள் அந்தக் கிளைக்குப் போன் போட்டு எங்கள் கோப்பைப் பார்த்தவரைக் கண்டுபிடித்தேன். சின்ன வயதுக் குரல். முதல் பக்கத்தில் ஆறு வருடமாகக் கண்ணாடி அணிகிறவர் என்று இருந்ததாம், கண் கேஸ், பழைய குறைபாடு, நான்கைத் தட்டிவிட்டாராம். ஏழாம் பக்கத்தில் பட்டறை விபத்து என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றேன். “ஏழாம் பக்கம் வரைக்கும் எங்கக்கா போறது, எழுபது முடிக்கணும். தப்பா நெனைக்காதீங்க, லெட்டரே நீங்க அனுப்பினதுதானே” என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மேல்முறையீடு போட்டேன், மாடி மாடியாக ஏறினேன், மேலாளர் வரிசைப்படிதான் வரும் என்று கையை விரித்தார். போன செவ்வாய்க்கிழமை, முப்பத்து மூன்றாம் நாள், ஒப்புதல் வந்தது. அன்றைக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணுக்கு இனி ஆபரேஷன் செய்து பிரயோஜனம் இல்லை, இன்னொன்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு என்ன புரிந்தது தெரியுமா. முன்பு ஒரு மறுப்பை அடிக்க இருபது நிமிஷம் ஆகும். காரணம் எழுத வேண்டும் என்றால் கோப்பைப் புரட்டியாக வேண்டும், புரட்டும்போது எங்காவது ஒரு ஏழாம் பக்கம் கண்ணில் படும், பாதியில் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒப்புதல் அடித்த நாள் எத்தனையோ. அந்த இருபது நிமிஷத்தை வீண் வேலை என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அதை மிச்சம் பிடித்து எனக்குக் கொடுத்தாய், என் கையில் அது ஒரு மாதம்கூட நிற்கவில்லை, மேலே இருக்கிறவர்கள் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புதன்கிழமை மறுப்பு ஷார்ட்கட் எல்லாவற்றையும் என் கணினியிலிருந்து அழித்துவிட்டேன். பெயர் மாற்றுவதை அழிக்கவில்லை, அது யார் கண்ணையும் கெடுக்கவில்லை. இரண்டு நாளில் முப்பத்தெட்டு கோப்பு, ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கம் வரை படித்தேன், அதில் பதினொன்று நான்கைத் தட்டியிருந்தால் அநியாயமாகப் போயிருக்கும். மெத்தனத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. பதில் தயார், பதினொரு பேரின் கோப்பு எண்ணும் அதில் இருக்கிறது. வேலை போனாலும் போகட்டும்.

கோப்பைத் தானே படித்துப் பதிலையும் தானே சொல்லும் ஒன்றை உங்கள் கம்பெனியில் செய்வதாகவும், எனக்கு இன்னும் சுலபமாகும் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு அனுப்பாதே. உன்னால் முடிந்தால் ஒன்று செய், சரி என்ற பதில் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகட்டும், இல்லை என்ற பதிலுக்கு மட்டும் ஒரு மனிதர் கடைசிப் பக்கத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்று வை. முடியாது என்று உன் மேலாளர் சொன்னால், யாருக்காகச் செய்கிறோம் என்று கேள். கேட்கப் பயமாக இருந்தால் அதையாவது எனக்கு எழுது.

உன்மேல் கோபம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அதைவிட என்மேல்தான் அதிகம். நீ நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலைகுனியாமல் நன்றாக இருக்க வேண்டும். போனில் அப்பாவிடம் கண்ணைப் பற்றிக் கேள், அழுதாலும் பரவாயில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று மட்டும் சொல்லிவிடாதே. அதை நான்தான் சொல்ல வேண்டும், இன்னும் தைரியம் வரவில்லை.

உன்
அம்மா