வெள்ளிக் கரண்டிப் பாட்டு

மே 4, திங்கள்

காலையிலிருந்து அனல் காற்று. பொலிதேயாமா சதுக்கத்தில் என் எசமானி சிஞ்ஞோரா வீட்டில் பதினொரு யன்னல் துடைத்தேன். பின்னேரம் மறுபடி தூசி. சனிக்கிழமைக் கச்சேரிக்கு இன்னும் ஐந்து நாள்.

எல்லாம் கீழ்வீட்டு ஹெலனால் வந்தது. இங்கிலாந்துக்காரி, கிட்டார் வாசிப்பவள். தவக்காலத்தில் நான் படி கழுவிக்கொண்டே புலம்பல் பாடினதைக் கேட்டுவிட்டாள். அவள் ஊர்ப் பழம்பாட்டு, அதற்கு ராக் இசை, டிரம்ஸ் அடிப்பது அவள் கூட்டாளி சால்வோ, பாடுவது நான். ஏன்தான் ஓம் என்றேனோ!

பாட்டின் கதை: எசமானியின் வெள்ளிக் கரண்டி காணாமல் போகிறது. வேலைக்காரப் பெட்டைமேல் பழி. கிணற்றில் விழுந்து சாகிறாள். பிறகு நாலு சரணம்: கரண்டி எசமானின் கோட்டுப் பையில். மொத்தம் பதினாறு. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிப் பாடமாக்குகிறேன்.

மே 6, புதன்

பயிற்சி. மூன்று தரமும் அதே இடத்தில் பிழை. பெட்டை செத்ததும் என் வாய் நின்றுவிடுகிறது. கோயிலில் ஆண்டவரின் சிலுவைப் பாடுகள் வாசிக்கையில் "உயிர் விட்டார்" என்றதும் எல்லோரும் முழங்காலில், மௌனம். சின்ன வயதுப் பழக்கம். இது வேறு சாவு என்று உடம்புக்கு யார் சொல்வது?

சால்வோ: "மடோன்னா மியா! செத்தவளுக்காக டிரம்ஸ் நிற்காது!"

எனக்கும் கோபம். நிற்கத்தான் வேண்டும் என்றேன். ஹெலன் தீர்ப்பு: நாலு எண்ணும்வரை எல்லோரும் நிறுத்துவது, பிறகு நான் தொடங்குவது. தொடங்காவிட்டால்?

வாங்க: பிளீச், கறிவேப்பிலை, தொண்டைக்கு இஞ்சி.

மே 8, வெள்ளி

பல்லரோ சந்தை மீன் கடையில் ரோசலின் அக்கா. கோயில் பாடகர் குழுவை நடத்துபவர். அவருக்கும் வீட்டு வேலைதான். எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக:

"நாளைக்குப் பேய்ப்பாட்டுப் பாடப்போறியாமே? மாதாவுக்குப் பாடுற தொண்டையடி."

"ஓம் அக்கா." இனிப் பூசையில் பாட விடமாட்டாரோ? மத்தி வாங்க மறந்து வந்துவிட்டேன்.

மே 9, சனி

கச்சேரி முடிந்து இப்போதுதான் வந்தேன்.

ஹெலன் முதலில் கதையை இத்தாலியனில் சொன்னாள், முடிவை மட்டும் சொல்லாமல். பன்னிரண்டாம் சரணம். செத்தாள். நின்றேன். டிரம்ஸும் நின்றது. ஒன்று, இரண்டு... சனத்துக்குள் ரோசலின் அக்கா! சிலுவை அடையாளம் போடுகிறார். எண்ணிக்கை போய்விட்டது. பாட்டு முடிந்ததென்று சனம் கைதட்டத் தொடங்கியது. விசில், "பிராவா!" ஹெலன் என்னைப் பார்க்க, நான் அவளைப் பார்க்க, சால்வோ குனிந்து வணங்கியே விட்டான், விசரன். நாலு சரணமும் தொண்டைக்குள்ளேயே.

மே 10, ஞாயிறு

பூசையில் கடைசி வரிசை வாங்கில் ஒளிந்திருந்தேன். முடிந்ததும் ரோசலின் அக்கா நேரே வந்தார். சரி, என் கதை முடிந்தது.

"அந்தப் பெட்டை கரண்டியை எடுக்கேல்லைத்தானே?"

"இல்லை அக்கா. எசமான்ரை கோட்டுக்குள்ளை கிடந்தது. கடைசியிலை வரும். நான்தான் பாடாமல் விட்டிட்டன்."

அவர் முகம் கறுத்தது.

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலை அவளைக் கள்ளியாவே விட்டிட்டு வந்தனியோ? நீயும் ஒரு சிஞ்ஞோராவின்ரை வீட்டுக் கதவுத் திறப்பை வைச்சு வேலை செய்யிறனியெல்லே?"

அந்த நாலு சரணத்தையும் எங்கேயாவது பாடவேண்டுமென்று ஹெலனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடிக்கிறேன்.