சிலமலைக் காப்பி விசாரணை

1979 அக்டோபர் 29, திங்கள்

மெட்ராஸ் கம்பெனியிலிருந்து கேள்வித்தாள் கட்டு வந்தது. இந்த முறை காப்பித்தூள். போடி, சிலமலை, ராசிங்காபுரம், அப்புறம் மலைமேல் ஏலத்தோட்டக் கூலிக்காரர் லயன்கள். எந்த வீட்டில் என்ன காப்பி, எந்தத் தூள் என்று கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். கேட்க ஆள் அனுப்புவதும், கேட்டது நிஜமா என்று மறுபடி போய்ப் பார்ப்பதும் என் பொறுப்பு. சோப்பு, பல்பொடி, டார்ச் லைட் என்று வருஷக்கணக்காக இதே வேலை. கட்டின் மேல் இன்னும் 'உள்ளூர் உதவியாளர்' என்றுதான் போடுகிறான். உதவியாளராம்! போடிமெட்டு எந்தத் திசை என்று தெரியாதவனுக்கு நான் உதவியாளர்.

கேள்விகளை எவனோ மின்விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். வீட்டில் எத்தனை பேர், கல்யாணமாகாத பெண்கள் உண்டா, என்ன வயது, நிலம் உண்டா, ரேடியோ உண்டா. இவ்வளவும் கேட்டு முடித்த பிறகுதான் காப்பி. காப்பித்தூள் விற்கிறவனுக்குக் கல்யாணமாகாத பெண் எதற்கு?

அக்டோபர் 31, புதன்

ராசிங்காபுரத்தில் விசாரிக்கப் போன என் ஆள் ஒச்சப்பனை விரட்டிவிட்டார்கள். ஆம்பிளைகள் காட்டுக்குப் போன நேரத்தில், அழுக்குச் சட்டையோடு தனியாக வாசலில் நின்று 'வீட்டுல எத்தனை பொண்ணுக?' என்று கேட்டால்? விளக்குமாறு பறந்திருக்கிறது. பி.ஏ. படித்த பையன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எனக்குத் தெரிவது இவனுக்குத் தெரியவில்லை.

இனி ஜக்கம்மாளைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டேன். என்னிடம் விசாரணைக்குப் போகிறவர்களில் அவள்தான் மூத்தவள். நரைத்த தலை, நாலு பேர் நடுவில் பேசத் தெரிந்தவள். ஒச்சப்பனுக்கு வெளுத்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மெட்ராஸ்காரனுக்கு இந்த யோசனை வருமா?

நவம்பர் 2, வெள்ளி

இருவரும் சிலமலை போய் வந்தார்கள். ராகுகாலத்துக்கு முன்பே கிளப்பிவிட்டேன். ஒரு வீட்டிலும் விரட்டவில்லை. பாய் விரித்து உட்கார வைத்தார்களாம். என் ஏற்பாடு!

நவம்பர் 3, சனி

எழுதி வந்ததைப் படித்தேன். சிலமலையில் பெண் இருக்கிற வீடெல்லாம் பில்டர் காப்பி குடிக்கிறது. ரேடியோ கேட்கிறது. வாசனை சோப்புப் போட்டுக் குளிக்கிறது. அடடா, எப்போதிலிருந்து? மரத்தடியில் உட்கார்ந்து எழுதினாயா என்று ஒச்சப்பனைக் கேட்டேன்.

"ஆத்தா மேல சத்தியமா அவுக சொன்னதத்தாண்ணே எழுதுனேன். ஜக்கம்மா அத்தையக் கேளுங்க."

நானே போய்ப் பார்க்க வேண்டும். மலைக்குப் போக ஜீப்பு டிரைவர் சின்னச்சாமியிடம் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன் என்றான். நல்ல பையன். பாட்டு மட்டும் சகிக்காது.

நவம்பர் 6, செவ்வாய்

சிலமலையில் மொக்கச்சாமி வீடு. நான் வந்த சோலியைச் சொல்லுமுன் புதுப் பாய் வந்தது. போன வாரம் வந்தார்களே, அது சம்பந்தமாக என்றேன். அவர் மனைவி ராக்கு ஓடிப்போய் ரேடியோவைத் திருப்பினாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்: "ஏம்மா, எதுத்த வீட்டு ரேடியோவ ஒடச்சு வைக்காத."

"சும்மா இருடி!"

அவர்கள் மகள், வீரலட்சுமி. அந்த வீட்டில் உண்மை பேசுகிற ஒரே ஆள்.

ஒச்சப்பன் எப்படி என்று மொக்கச்சாமி கேட்டார். வந்தவன் ஒழுங்காகப் பேசினானா என்று நான் விசாரிக்க வேண்டியிருக்க, இவர் என்னை விசாரிக்கிறார். பையன் தங்கம், கையெழுத்துத்தான் கோணல் என்றேன். சிரித்தார்.

பஸ்சு போய்விட்டது. நல்ல பசி. "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார்கள். சரி என்றேன். "நெசமாவா?" என்று ராக்கு இரண்டு முறை கேட்டாள். சோறு போட இவ்வளவு தயக்கமா? ஆனால் கோழிக் குழம்பு. குறை சொல்ல முடியாது. பில்டர் காப்பிதான் வரவே இல்லை.

நவம்பர் 9, வெள்ளி

ஜீப்பு வரவில்லை. ஆட்களோடு விடியற்காலையிலிருந்து நின்றேன்.

நவம்பர் 10, சனி

ஜீப்பு நிற்கிற இடத்துக்கே போனேன். சின்னச்சாமி என்னைப் பார்த்ததும் சக்கரத்தை உதைத்துப் பார்க்கிறான். காற்று இருக்கிற சக்கரம்.

"எனக்குப் பேசி வச்ச பொண்ணத் தட்டிக்கிட்டுப் போயிட்டு, என் ஜீப்புலயே ஏறுவீகளாக்கும்? வேற வண்டியப் பாருங்கய்யா."

எந்தப் பெண்? என்ன பேச்சு? இவனுக்கு மலையேறி மலையேறிக் காது அடைத்துவிட்டதா?

நவம்பர் 11, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

மொக்கச்சாமி வாழைத்தாரோடு வந்தார். "பையன் வீட்டுல எப்ப வெத்தல பாக்கு மாத்துறது? ஜீப்புக்காரக வீட்டுக்கு வேணாம்னு சொல்லிவிட்டோம்."

அது காப்பி விசாரணை ஐயா என்றேன். காதில் ஏறவில்லை.

"என்னண்ணே வெளையாடுறீக? வளர்பிறை வெள்ளிக்கெழம. வெள்ளச் சட்டையில பையன், கூட ஒரு பெரிய மனுசி. பொண்ணு வயசு, நெலம் நீச்சு, எல்லாங் கேட்டாக. மறுவாரம் பெரியவரு நீங்க வந்தீக. வந்து எங்க வீட்டுல கை நனைச்சீகளே!"

இந்தப் பக்கத்தில் பெண் பார்க்கப் போனவர்கள் பிடிக்காத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம். இது எனக்குத் தெரியாதா? நான் பெண் பார்க்கப் போகவில்லையே! கம்பெனி வேலைக்குப் போனவனுக்குப் பசிக்கக் கூடாதா?

அய்யம்மாள் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கட்டிய மனைவியே இப்படி. ஒச்சப்பனைக் கூப்பிட்டேன். அவன் அழுதுவிட்டான். "எனக்கு எங்க மாமன் மக இருக்குண்ணே."

கடைசியில் மொக்கச்சாமிக்குப் புரிந்தது. வாழைத்தாரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "மகளுக்கு அந்தச் சின்னச்சாமி மேலதான் இஷ்டம். ஜீப்பு சத்தங் கேட்டா வாசலுக்கு வந்துருவா. நாங்கதான் படிச்ச மாப்ளன்னு... இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கிட்டுப் போவேன்?"

நான் என்ன செய்ய? சொன்னதெல்லாம் பொய் — ரேடியோ பொய், காப்பி பொய். பொய் சொன்னது அவர்கள். ஏன் எனக்குத் தூக்கம் வரவில்லை?

நவம்பர் 12, திங்கள்

எந்த வீட்டில் என்ன சொன்னார்கள் என்ற கணக்கோடு மெட்ராசுக்கு எழுதிவிட்டேன். சிலமலையில் சொன்னது மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்ன பதில், காப்பிக் கம்பெனிக்குச் சொன்னதல்ல. தாள்களைக் கிழித்துப் போடப் போகிறேன்.

நவம்பர் 16, வெள்ளி

பதில் வந்தது. சிலமலை முடிவுகள் 'மிகவும் ஊக்கமளிப்பதாக' உள்ளனவாம். கிழிக்கக் கூடாதாம். மலை வேலை ஏன் நிற்கிறது என்று விசாரிக்க 21ஆம் தேதி அதிகாரி நேரில் வருகிறார். அன்று நான் இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம். பார்க்கட்டும். மின்விசிறிக்குக் கீழ் காய்க்கிறதா ஆள்?

நவம்பர் 17, சனி

சின்னச்சாமியின் தாய் ஒச்சம்மாளைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க அல்ல. நடந்ததை விளக்க. கேள்வித்தாளையும் கொண்டுபோய் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன்.

"இதக் கேக்கவாய்யா மெட்ராஸ்ல இருந்து சம்பளம் குடுக்குறாக?" என்றாள். "எங்க வீட்டுப் பாலில்லாத வரக்காப்பிய வந்து மோந்து பாக்கச் சொல்லு."

கல்யாணத்தை மறுபடி பேசுங்கள் என்றேன். வேண்டாமென்று சொன்ன வீட்டில் போய் எப்படி நிற்பது என்றாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். அப்புறம் சொன்னாள்:

"ஒரு வழி இருக்கு. அன்னைக்கு நீ நனைச்ச கை, எங்களுக்காக நனைச்ச கையா இருக்கட்டும். எங்க வீட்டுப் பெரிய மனுசனா முன்னால போயி நீதான் பேசி முடிச்சன்னு ஆயிப்போகும். யாருக்கும் தலகுனிவு இல்ல. ஆனா நீயே வரணும், எங்களுக்கு முன்னால நடக்கணும். பொதங்கெழமதான் நல்ல நாளு."

"புதன் எனக்குத் தோதுப்படாது. அதிகாரி வர்றாரு."

"அப்ப ஒன் அதிகாரிக்கே பொண்ணக் கட்டி வையி."

நவம்பர் 20, செவ்வாய்

அந்த மெட்ராஸ்காரனுக்காக எத்தனை மலை ஏறியிருக்கிறேன். அட்டைக்கடி, மழை, ஏலச்செடிக்குள் வழிதவறி நின்றது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சூப்பர்வைசர் என்று எழுதியிருக்கிறானா? எவளோ பெத்த பிள்ளைக்கு நான் ஏன் என் சோத்துல மண்ணள்ளிப் போடணும்? போக முடியாது. முடியாதுன்னா முடியாது.

அய்யம்மாள் என் வேட்டியை வெளுத்து மடித்து வைத்திருக்கிறாள். நாளைக்கு எனக்கு எதற்கு வெள்ளை வேட்டி?

நவம்பர் 21, புதன்

சிலமலையில் சாப்பிட்டேன்.

நவம்பர் 22, வியாழன்

அதிகாரி நேற்று என் வீட்டுக்கே வந்திருக்கிறார். மீசைகூட முளைக்காத ஆள் என்கிறாள் அய்யம்மாள். நான் சம்பந்தம் பேசப் போயிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னாளாம். சிலமலைத் தாள்களை எடுத்துக்கொண்டு, இனி என் சேவை தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சேவையாம். கோயில் பூசாரியா நான்?

நேற்று மொக்கச்சாமி வீட்டில் நான் ஒச்சம்மாளுக்கு முன்னால் நடந்து போனேன். "பெரியவருக்கு மொதல்ல போடு" என்றார்கள். இலையில் உட்காரும்போது உள்ளேயிருந்து அந்தப் பெண் சொன்னாள்: "ரேடியோவத் திருப்பிக் குடுத்தாச்சு பெரியப்பா. எழுதிக்கோங்க." சின்னச்சாமி வெட்கமில்லாமல் சிரித்தான்.

1980 பிப்ரவரி 3, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. சாம்பாரில் உப்பு அதிகம்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக்கு வீரலட்சுமி தாய்வீடு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று எனக்கும் அழைப்பு. சின்னச்சாமி ஜீப்பில் போனேன். வழியெல்லாம் பாட்டு.

சிலமலைக் கடையில் பில்டர் காப்பித்தூள் டப்பாக்கள் கோபுரமாக அடுக்கியிருக்கின்றன. சித்திரையில் கம்பெனி வேன் வந்து இறக்கியதாம். மேலே ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

மொக்கச்சாமி வீட்டில் நாங்கள் இருக்கும்போதே மெட்ராஸ் பையன் ஒருவன் தாளும் கையுமாக வாசலில் வந்து நின்றான். என்ன காப்பி குடிக்கிறீர்கள் என்று கேட்டான். "வரக்காப்பிதான், கருப்பட்டி போட்டு" என்றாள் வீரலட்சுமி. அவன் எழுதவில்லை. தாளைப் புரட்டிப் பார்த்தான்.

"இல்லீங்களே. சிலமலையில எல்லாரும் பில்டர் காப்பிதானே குடிக்கிறீங்க? எங்க ரிப்போர்ட்ல இருக்கே."

ராக்கு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீரலட்சுமி இரண்டு தம்ளரில் வரக்காப்பி கொண்டுவந்தாள். ஒன்றை அவனிடம் நீட்டினாள். விசாரிக்கப் போகிற வீட்டில் எதுவும் சாப்பிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டான்.

அந்த ஒன்றையாவது சரியாகச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

என் தம்ளரைக் குடித்துவிட்டு, அவனுடையதையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.