மயிலைக்கு அந்த ஊசி வேண்டாம்

டெல்லி, அக்டோபர் 1990

மரியாதைக்குரிய அப்பாவுக்கு தனசேகர் வணக்கம். நான் சௌக்கியம். உங்க முட்டிவலி தேவலைங்களா?

மண்டல் கலாட்டாவுல பஸ்ஸைக் கொளுத்திட்டாங்க. நான் அதுல இல்ல, பயப்படாதீங்க. எங்க வெண்ணெய்க் கம்பெனிக்குப் பால் ஊத்தற பண்ணைக்குப் போனவன், திரும்ப வண்டியில்லாம அங்கயே தங்கிட்டேன். வெண்ணெய் டப்பா மேல 'புல் மேய்ஞ்ச பசு, இயற்கை வெண்ணெய்'னு அச்சடிச்சிருக்கான். த்தூ! ஒரு மாடும் புல்லைக் கண்டதில்ல. கட்டின எடத்துல சாணிச் சேத்துலயே நின்னுக்கினு இருக்குது. கன்னு செத்துப்போன மாட்டுக்கு ஊசி குத்தறான், அது ஒடம்பு நடுங்கிப் பாலை வுடுது.

நம்ம மாடு மயிலைக்கு நீங்க அனுப்பச் சொன்னது அந்த ஊசிதான். அனுப்ப மாட்டேன். கன்னு போன மாடு, கறக்கலைன்னா வுட்டுடுங்க.

நம்மூரு கடைக்கார காஜா பாய் இங்க சரக்கெடுக்க வந்தா, அம்மா உருக்கின நெய் குடுத்தனுப்புங்க. இங்கத்து வெண்ணெய் கொமட்டுது. பழைய நெய், அடியில ஒட்டினது இருந்தாலும் போதும்.

தபால்காரன் நிக்கறான்.

தனசேகர்