லூபின் காய் முற்றும் வரை

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். அப்பா இருக்கிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் அழுது போனை வைத்துவிடுகிறேன், அதான் பேனாவை எடுத்தேன், எழுத்துப் பிழையைப் பார்க்காதே.

உன் தம்பி போன வருஷம் பின்பக்கச் சுவரோரம் லூபின் என்று ஒரு சீமைப் பூச்செடி விதை போட்டானே, கல் மாதிரி இருந்த விதையை ஒவ்வொன்றாக உப்புத்தாளில் தேய்த்து ஊறப்போட்டு ஊன்றினான், அப்பாகூட கீரைன்னாலும் கடைஞ்சு சாப்பிடலாம் இது யாருக்குடா என்று கேலி பண்ணினார். அந்த வருஷம் வெறும் இலைதான், விரித்த கை மாதிரி. அடுத்த வருஷம் பாரும்மா, உன் இடுப்பு உயரத்துக்குப் பூ நிக்கும்னான். பார்க்க அவன் இல்லை. இப்போது பூத்துவிட்டது, ஊதா நிறம், ஒரே தண்டில் அடியிலிருந்து நுனிவரை அடுக்கடுக்காக. எனக்குக் கோபம்தான் வந்தது, அவன் போன பிறகு யாருக்காக வந்தாய் என்று செடியோடு சண்டை போட்டேன்.

நாலு செடி பிழைத்திருந்தது. ஒன்றுக்கு நானே எமனானேன், அவன் வைத்ததாயிற்றே என்று எருவும் தண்ணீருமாகக் கொட்டினேன், வேர் அழுகிச் சாய்ந்தது. அதற்குள் வீட்டு ஓனர் வந்து, மருமகன் கார் நிறுத்த இடம் வேண்டும், மாதம் பிறந்ததும் சுவரோரம் முழுக்க சிமென்ட் போடப்போகிறேன் என்கிறார். பூச்செடிதானேம்மா, தொட்டியில எடுத்து வெச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான், இது உன்னை மாதிரிம்மா, இருக்கிற இடத்தை விட்டுப் பிடுங்கினா செத்துடும் என்று. கேட்டேனா, ஒன்றைத் தோண்டினேன். வேர் முள்ளங்கி மாதிரி நேராகக் கீழே போகிறது, பாதியில் பட்டென்று முறிந்தது. சாயங்காலம் தலை தொங்கிவிட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தையல்காரி ஓடி வந்தாள்.

மிச்சம் இரண்டு. காய் பிடித்திருக்கிறது, அவரைப் பிஞ்சு மாதிரி, மேலே பூனை ரோமம். செடியிலேயே கறுத்துக் காய வேண்டுமாம், பச்சையில் பறித்தால் முளைக்காதாம், நாற்று விற்கிறவர் சொன்னார். காய்ந்தால் வெடித்துச் சிதறும் என்று துணி கட்டி வைத்திருக்கிறேன். வாடின தண்டை நறுக்கிட்டா மறுபடி பூக்கும்க்கா என்று தையல்காரி கத்தரியோடு வந்தாள், கையைத் தட்டிவிட்டேன், பாவம் அவள். எனக்குப் பூ வேண்டாம் விதைதான் வேண்டும். அது முற்றுவதற்குள் மாதம் பிறந்துவிடும். அப்பாவிடம், ஓனரைப் போய்க் கேளுங்கள் என்றால், செடிக்காக வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்க போவே என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ராத்திரி எழுந்து செடியைத் தொட்டுப் பார்ப்பதும் அவர்தான்.

அம்மாடி, நீ ஒருத்திதான் எனக்குக் கதி. இது கிடைத்ததும் ஓனருக்குப் போன் போடு, உன் பேச்சுக்கு அவர் மதிப்புக் கொடுப்பார். காரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தட்டும், அந்த ஒரு முழ இடத்தை மட்டும் காய் கறுக்கும்வரை விடச் சொல். தம்பி வைத்த செடி என்று சொல்லியே கேள், இரக்கப்பட்டாவது விடட்டும், எனக்கு இப்போது மானம் ரோஷம் எதுவும் இல்லை. முடியாது என்று சொன்னாலும் என்னிடம் மறைக்காதே. பச்சைக் காயாகவே அறுத்து மடியில் கட்டிக்கொள்வேன். முளைக்காது என்று தெரியும், தெரிந்தே ஊன்றித் தண்ணீர் விடுவேன்.

நீங்கள் மூவரும் நூறு வயது இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. போன் போட மறந்துவிடாதே.

உன்னையே நம்பியிருக்கும்
அம்மா