பன்னிரண்டு ஊசிகள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ கடிதம் போடாத குறை ஒன்றுதான்.

வெளிநாட்டுத் தையல் ஊசிக்குப் போட்ட தடை ஜூனோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று எழுதும் கோப்பு உன் மேசையில்தான் இருக்கிறதாமே. அந்த ஊசி வந்து இறங்கினால் என் ஊசித் தொழிற்சாலை மூன்று மாதம் தாங்காது. நாற்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். இன்னும் இரண்டே வருஷம் எழுதுடா. நானும் ஓய்ந்துபோய்விட்டேன், இனி வேறு தொழில் கற்க உடம்பில் தெம்பில்லை.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

என் மனைவி உன்னிடம் கேட்கச் சொன்னாள்: "ஒரு சட்டை தைக்கிறதுக்குள்ள மூணு ஊசி ஒடியுது. உங்க அக்கா ஊசி செய்றாங்களா, தீக்குச்சி செய்றாங்களா?"

பத்து வருஷத்தில் நம் ஊசி வெளிநாட்டு ஊசிக்குச் சமமாகிவிடும், நாடு தன் காலில் நிற்கும் என்று எழுதித்தான் தடை போட்டோம். வந்த லாபத்தில் நீ மாடி கட்டினாய், எந்திரத்தை மாற்றவில்லை.

அக்கா தொழிற்சாலை என்று மேலதிகாரியிடம் சொல்லி ஒதுங்கப் பார்த்தேன். "சோதனைக்கூடம் சொல்றதை எழுதுங்க, போதும்" என்றுவிட்டார். பன்னிரண்டு ஊசி அனுப்பு. தேறினால் இரண்டு வருஷம் எழுதுகிறேன்.

உன் தம்பி

மார்ச் 27

தம்பி,

மாடியைச் சொல்லிக் காட்டிவிட்டாய், சரி. உள்ளூர்க் கம்பியைத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் உன் அலுவலகம்தானே? அந்தக் கம்பி முறைத்துப் பார்த்தாலே ஒடிகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரிப்பாய். சிரி.

ஊசிகள் இத்துடன்.

அக்கா

ஏப்ரல் 22

அக்கா!

பன்னிரண்டும் தேறின. ஒன்றுகூட ஒடியவில்லை. நீட்டிப்புக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்; அமைச்சர் ஒப்புதல் மட்டும் பாக்கி. இத்தனை வருஷம் காகிதத்தில் எழுதியதில் ஒன்றாவது நடந்திருக்கிறதே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

தம்பி

மே 2

தம்பி,

உன் கடிதத்தைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டியது என் முட்டாள்தனம். ஊசிக் காதுக்கு மெருகேற்றுகிறவளை இங்கே காதம்மா என்போம். "பத்து வருஷமா திட்டு வாங்கின ஊசிம்மா, பாஸாயிடுச்சா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தப் பன்னிரண்டும் அவள் செய்தவை அல்ல. கடைத்தெருவில் ஒளித்து விற்கும் வெளிநாட்டு ஊசிகள். எங்கள் பெட்டியில் போட்டு அனுப்பினேன். அதற்கு முன் எங்கள் ஊசிகள் பன்னிரண்டில் தைத்துப் பார்த்தேன். ஏழு ஒடிந்தன.

உன்னையும் ஏமாற்றினேன், அவளையும் ஏமாற்றினேன். இனி என்னால் முடியாது. அமைச்சர் கையெழுத்துப் போடுமுன் இந்தக் கடிதத்தைக் கோப்பில் வை. அக்கா என்று பார்க்காதே.

அக்கா

மே 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் அமைச்சர் ஒப்புதல் வந்துவிடாதா என்றுகூட ஏங்கினேன். வரவில்லை. இன்று காலை கோப்பில் வைத்துவிட்டேன்.

தடை ஜூனோடு முடியும். என் மேல் விசாரணை உண்டு; வேலை போகுமா என்று மனைவி கேட்கிறாள், தெரியவில்லை. உன் மேல் கோபமில்லை அக்கா. அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் பத்திரிகையில் அறிவிப்பு வரும். காதம்மா அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்கு முன் நீயே சொல்லிவிடு.

தம்பி